32 வோல்ட் வீடுகள்

பட்டணத்தில் குடியிருக்கிறவனுக்கு மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு கவலைதான்: அது இருக்கிறதா, போய்விட்டதா? சுவரில் உள்ள ஸ்விட்சைத் தட்டினால் விளக்கு எரிய வேண்டும், பில் வந்தால் பணம் கட்ட வேண்டும், அத்தோடு சரி. அந்தக் கம்பிக்குள் ஓடுவது எந்த ரகத்து மின்சாரம் என்று அவன் கேட்பதில்லை. அவனுடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே, கண்காணாத சீமையில் யார் யாரோ சண்டை போட்டு அதைத் தீர்மானித்துவிட்டார்கள்.

ஆனால் மின்சாரக் கம்பி எட்டாத இடத்தில் ஒருவன் வீடு கட்டிக்கொண்டு, கூரை மேல் சோலார் தகடு பதித்தோ, ஓடையில் சிறு சக்கரம் சுழல விட்டோ, தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளப் புறப்பட்டானானால், முதல் நாளே அந்தப் பழைய சண்டை அவன் வாசலில் வந்து நிற்கும். வீட்டுக்குள் எதற்கான வயரிங் செய்வது? டி.ஸி.யா, ஏ.ஸி.யா? (அறையைக் குளிர வைக்கும் ஏ.ஸி.யை நான் சொல்லவில்லை. இது வேறு ஏ.ஸி.)

எஞ்சினியர்கள் இந்தக் கேள்விக்குக் கணக்கில் விடை சொல்வார்கள். நான் கதை எழுதுகிறவன். கணக்கைவிட மனிதர்கள் மேல்தான் எனக்குக் கண். நமக்கு வெகு காலம் முன்பே, அமெரிக்க நாட்டுப்புறத்தில் எத்தனையோ குடும்பங்கள் இதே கேள்வியைக் கேட்டு, விடை கண்டு, அந்த விடையோடு ஒரு தலைமுறை வாழ்ந்து, கடைசியில் அந்த விடையைக் குப்பையிலும் போட்டன. மின்சாரத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குடும்பங்களை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவர்களை அப்படி விட்டுவிட மனம் வரவில்லை.

முதலில் இந்த இரண்டு எழுத்துக்களின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். டி.ஸி. என்பது வாய்க்காலில் ஓடும் நீரைப் போல ஒரே திசையில் செல்லும் மின்சாரம். பாட்டரியிலிருந்து வருவது அதுதான். சூரியத் தகட்டிலிருந்து வருவதும் அதுதான். ஏ.ஸி.யின் சுபாவம் வேறு. பழைய மரவாடிகளில் இரண்டு ஆட்கள் எதிரெதிராக நின்று பெரிய ரம்பத்தை இழுப்பார்கள். ரம்பம் முன்னும் பின்னும் போய் வருகிறதே தவிர எங்கேயும் போய்விடுவதில்லை. மரம் மட்டும் அறுபட்டு விழுகிறது. ஏ.ஸி. அந்த ரம்பத்தைப் போன்றது. நம் நாட்டுக் கம்பிகளில் அது விநாடிக்கு 50 முறை போய் வருகிறது.

இரண்டும் விளக்கை எரிக்கும், இரண்டும் மோட்டாரைச் சுழற்றும் என்றால், பிறகு சண்டை எதற்கு? தூரத்துக்காக.

1882-ம் வருஷம் செப்டம்பர் 4-ம் தேதி நியூயார்க் நகரத்தின் பேர்ல் தெருவில் தாமஸ் எடிஸன் தம்முடைய மின்சார நிலையத்தைத் தொடங்கினார். 110 வோல்ட் டி.ஸி. அன்று எரிந்த விளக்குகள் சுமார் 400. ஆனால் அந்த நிலையத்திலிருந்து ஒரு மைலுக்கு அப்பால் உள்ளவனுக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. கம்பியிலே போகும்போதே மின்சாரம் உஷ்ணமாகிக் கரைந்துவிடும். குடத்தில் ஓட்டை இருந்தால், கிணறு தூரமாக ஆக ஆக வீட்டுக்கு வந்து சேரும் நீர் குறையும் அல்லவா? அதைப் போலத்தான்.

ஓட்டையை அடைக்க ஒரு வழி உண்டு. வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால், அதே சக்தியை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு ஓட்டம் போதும். கம்பியில் வீணாவதோ நூறில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். ஆனால் ஏற்றிய வோல்ட்டை வீட்டு வாசலில் மறுபடி இறக்க வேண்டுமே! அதற்கான கருவிதான் டிரான்ஸ்பார்மர்: ஒரே இரும்பின் மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் போய் வருகிற மின்சாரம்தான் அதில் வேலை செய்யும். ஒரே திக்கில் ஓடும் டி.ஸி.யைக் கண்டால் அது சும்மா இருந்து சூடேறும். 1886-ல் வில்லியம் ஸ்டான்லி என்பவர் மாஸச்சூஸெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர்க் கடைகளுக்கு இந்த முறையில் விளக்கேற்றிக் காட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1888-ல் நிக்கோலா டெஸ்லாவின் ஏ.ஸி. மோட்டாருக்கான உரிமைகளும் வெஸ்டிங்ஹவுஸ் கைக்கு வந்து சேர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்த சண்டை பிரசித்தமானது. ஏ.ஸி. எவ்வளவு பயங்கரமானது என்று காட்டுவதற்காக எடிஸன் தரப்பார் நாய்களைக் கொன்று காட்டினார்கள். 1890 ஆகஸ்ட் 6-ம் தேதி ஆபர்ன் சிறையில் வில்லியம் கெம்லர் என்ற கைதியை வெஸ்டிங்ஹவுஸ் யந்திரத்தின் மின்சாரத்தைக் கொண்டே நாற்காலியில் வைத்துக் கொன்றார்கள். முதல் முறை செலுத்தியதில் உயிர் போகவில்லை, மறுபடியும் செலுத்தினார்கள். வியாபாரப் போட்டி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனாலும் 1893-ல் சிகாகோ கண்காட்சிக்கு விளக்குப் போட்டது ஏ.ஸி.தான். 1896 நவம்பரில் நயாகரா அருவியின் சக்தி சுமார் 40 கிலோமீட்டர் தாண்டி பஃபலோ நகரை அடைந்ததோடு விவகாரம் தீர்ந்தது.

நமக்கு அருகிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. 1902-ல் மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரத்தில் காவிரி விழுகிற வேகத்தைப் பிடித்து, சுமார் 92 மைல் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் பிழைக்கப் போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த சுரங்கம் அது. அந்த 92 மைலை டி.ஸி. அன்று கனவிலும் கடந்திருக்க முடியாது.

சரித்திரப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் மங்களம் பாடிவிடும். ஏ.ஸி. ஜெயித்தது, டி.ஸி. தோற்றது, சுபம். ஆனால் ஜெயித்த கம்பி யார் வீட்டுக்குப் போயிற்று? நகரத்தாருக்குத்தான். அமெரிக்கா என்றதும் நமக்கு வானளாவும் கட்டடங்கள் நினைவுக்கு வருகின்றன. 1935-ல் கூட அந்த நாட்டில் பத்துப் பண்ணை வீடுகளில் சுமார் ஒன்றில்தான் மின்சாரக் கம்பி நுழைந்திருந்தது. ஒரு மைலுக்கு இரண்டு வீடு, மூன்று வீடு என்று இருக்கிற இடத்தில் கம்பம் நட்டால் போட்ட முதல் திரும்புமா என்று கம்பெனிகள் கை விரித்துவிட்டன. பண்ணைக்காரன் மனைவி கிணற்றில் நீர் இறைத்தாள். கரி அடுப்பில் இஸ்திரிப் பெட்டியைக் காய வைத்தாள். மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைத் தினம் துடைத்தாள்.

அங்கேதான் தோற்றுப்போன டி.ஸி. திரும்பி வருகிறது.

சார்லஸ் கெட்டரிங் என்பவர் ஒஹையோ மாநிலத்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். கையால் சுற்றாமல் மோட்டார் காரைக் கிளப்புகிற ஸெல்ப் ஸ்டார்ட்டரைச் செய்து 1912-ம் வருஷத்துக் காடிலாக் காரில் பொருத்திப் புகழ் பெற்றார். காருக்குள் ஒரு எஞ்சின், ஒரு டைனமோ, ஒரு பாட்டரி. இதையே கொஞ்சம் பெரிதாக்கிப் பண்ணை வீட்டின் நிலவறையில் வைத்தால் என்ன? அந்த யோசனைதான் 1916-ல் ‘டெல்கோ-லைட்’ என்ற பெயரோடு கடைக்கு வந்தது. ஒரு சிறு எஞ்சின். அதோடு சேர்ந்த டைனமோ. பக்கத்தில் மரத்தட்டில் வரிசையாக 16 கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொரு ஜாடியும் 2 வோல்ட் பாட்டரி. பதினாறையும் கோத்தால் 32 வோல்ட்.

ஏன் ஏ.ஸி. வேண்டாம் என்று வைத்தார்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள். ஏ.ஸி.யைப் பிறந்த மாத்திரத்தில் செலவழித்தாக வேண்டும். ஜாடியில் ஊற்றி வைக்க முடியாது. டி.ஸி.யை பாட்டரியில் சேமிக்கலாம். இல்லையென்றால் நடு இரவில் குழந்தை அழுதால் விளக்குப் போடுவதற்காக எஞ்சினைக் கிளப்ப வேண்டியிருக்கும்! இரண்டாவது காரணம், ஏ.ஸி.யின் பெரிய பலமான தூரப் பிரயாணம் அங்கே தேவையே இல்லை. நிலவறையிலிருந்து சமையலறைக்கு இருபது அடி. இருபது அடி போவதற்கு எதற்கு டிரான்ஸ்பார்மர்?

இன்னொரு நன்மையும் உண்டு. 32 வோல்ட்டைச் சாதாரணமாகத் தொட்டுவிட்டால் ஆளை அடிக்காது. மின்சாரம் என்றாலே ஆபர்ன் சிறை நாற்காலியை நினைத்து நடுங்கிய காலத்தில் அது சின்ன விஷயமா?

ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் இந்தச் சாதனம் இறங்கியது. 32 வோல்ட் பல்பு, 32 வோல்ட் இஸ்திரிப் பெட்டி, 32 வோல்ட் விசிறி, துணி துவைக்கும் யந்திரத்துக்கு 32 வோல்ட் மோட்டார் என்று அதற்கென்றே ஒரு தனி உலகம் உண்டாயிற்று. தபாலில் சாமான் அனுப்பும் பெரிய கடைகளின் விலைப் பட்டியல்களில் இவற்றுக்கு இடம் இருந்தது.

அந்த வீடுகளில் வாழ்க்கை எப்படி நடந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பது உண்டு. அந்த நாள் எஞ்சின்களில் பேர்போன ஒன்றின் சக்தி 750 வாட். இன்று நம் வீட்டு மிக்ஸி ஒன்றே ஏறக்குறைய அவ்வளவு கேட்கிறது. இஸ்திரி போடுகிற நேரத்தில் துவைக்கிற யந்திரத்தை ஓட்டக் கூடாது. துவைக்கிற நாள் பார்த்து எஞ்சினைக் கிளப்பினால், துவைத்தது போக மிச்சம் பாட்டரிக்குப் போகும். எந்த அறையில் விளக்கு வீணாக எரிகிறது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். ஜாடிகளுக்கு மாதா மாதம் சுத்த நீர் ஊற்றியாக வேண்டும். மறந்தால் அவை கெட்டுப்போகும். மின்சாரத்தை நெல்லைப்போல அளந்து எடுத்துச் செலவு செய்த குடும்பங்கள் அவை.

எஞ்சினுக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாத சமவெளிப் பிரதேசங்களில் காற்று இருந்தது. மான்டானா மாநிலத்தில் மார்செல்லஸ் ஜேகப்ஸ், ஜோ ஜேகப்ஸ் என்று இரண்டு சகோதரர்கள், ஆகாய விமானத்து இறக்கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு மூன்று இறக்கைக் காற்றாடி ஒன்றைச் செய்தார்கள். பிறகு மினியாபொலிஸ் நகரில் தொழிற்சாலை வைத்தார்கள். 1933-ல் புறப்பட்ட பேர்டின் அண்டார்க்டிக் கோஷ்டி அந்தக் காற்றாடிகளில் ஒன்றைக் கொண்டுபோய்ப் பனிக் காட்டில் நிறுத்தியது. ஏழைகளுக்கு ‘வின்சார்ஜர்’ இருந்தது. 1935 முதல் ஜெனித் ரேடியோக் கம்பெனி தன் 6 வோல்ட் ரேடியோவோடு சேர்த்து அதைச் சொற்ப விலைக்கு விற்றது. வெளியே கூரை மேல் காற்றாடி சுழலும்; உள்ளே குடும்பம் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இதுவும் டி.ஸி.தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை, அதே பழைய தூரம். நானே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை. இந்தக் காலத்து வீடுகளில் சாதாரணமாகப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி. அங்கே 320 வாட் வேண்டும். 230 வோல்ட் ஏ.ஸி.யானால் வழியில் தொலைவது அரை வோல்ட்டுக்குச் சற்று மேல். யார் கண்ணுக்கும் தெரியாது. 32 வோல்ட் டி.ஸி.யானால் 4 வோல்ட் போய்விடும். எட்டில் ஒரு பங்கு! கொட்டகையில் விளக்கு அழுது வடியும். அதைத் தடுக்க வேண்டுமானால் விரல் மொத்தத்துக்குக் கம்பி போட வேண்டும், செம்பு விற்கிற விலையில்.

இரண்டாவது குறை ஸ்விட்சு. ஏ.ஸி. போய் வரும்போது ஒவ்வொரு விநாடியும் நூறு முறை ஒரு கணம் ஓய்ந்து பூஜ்யமாகிறது. ஸ்விட்சைத் திறக்கும்போது தோன்றும் தீப்பொறி அந்த ஓய்வில் அணைந்துவிடும். டி.ஸி.க்கு ஓய்வு கிடையாது. பொறி பிடித்துக்கொண்டால் நீண்டு எரிந்து ஸ்விட்சின் நாக்கைத் தின்றுவிடும். ஆகையால் ஏ.ஸி.க்கென்று செய்த ஸ்விட்சையோ பியூஸையோ டி.ஸி. கம்பியில் மாட்டுவது ஆபத்து. இன்றைக்கும் இது மாறவில்லை.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. அது கம்பியில் இல்லை, கடையில் இருந்தது. 32 வோல்ட் வீட்டுக்காரன் 32 வோல்ட் சாமானைத்தான் வாங்க முடியும். ஊரில் உள்ள எல்லாக் கடையிலும் கிடைக்கிற பொருள் அவனுக்கு உதவாது. நகரத்துத் தமக்கை ஆசையாகக் கொண்டுவந்து கொடுக்கிற ரொட்டி சுடும் பெட்டி அவன் வீட்டில் வெறும் அலங்காரம். தன்னந்தனியாக ஒரு பாஷை பேசுகிறவன் நிலைமைதான் அவனுக்கு. வீட்டுக்குள் சௌகரியம், வெளியே பேச்சுத் துணை இல்லை.

1935-ம் வருஷம் மே மாதம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகம் ஒன்றை ஏற்படுத்தினார். அடுத்த வருஷம் அதற்குச் சட்டமும் வந்தது. கம்பெனிகள் வர மறுத்த இடங்களில் குடியானவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சர்க்கார் கடனில் கம்பம் நட்டார்கள். சுமார் இருபது வருஷத்துக்குள் பத்துப் பண்ணைகளில் ஒன்பதுக்கு மேல் கம்பி வந்து சேர்ந்தது. வந்தது ஏ.ஸி.

கம்பி வந்த அன்று, அதுவரை மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்த வீடுகளில் திருவிழாதான். 32 வோல்ட் வீட்டில் சந்தோஷத்தோடு ஒரு சங்கடமும் வந்தது. ஊருக்கு முன்னால் முயற்சி செய்து, சொந்தக் காசைப் போட்டு, தவணை கட்டி, பத்து வருஷம் பேணி வளர்த்த சாதனம் ஒரே நாளில் பழைய இரும்பாகிவிட்டது. பல்பு, இஸ்திரிப் பெட்டி, மோட்டார் எதுவும் புதுக் கம்பிக்கு ஆகாது. பிரயாசைப்பட்டவனுக்குத் தண்டனை, சும்மா இருந்தவனுக்குப் பரிசு! உலகத்தில் இப்படி நடப்பது இது முதல் தடவையும் அல்ல, கடைசித் தடவையும் அல்ல.

அந்தக் குடும்பங்கள் தவறு செய்துவிட்டன என்று சொல்லலாமா? நான் சொல்ல மாட்டேன். 1920-ல் பத்து வயதாக இருந்த பெண் குழந்தை, நல்ல வெளிச்சத்தில் பாடம் படித்து வளர்ந்து, கம்பி வருவதற்குள் கல்யாணமாகிப் போயிருப்பாள். அவளுடைய குழந்தைப் பருவத்துக்கு 32 வோல்ட்தான் மின்சாரம். ‘பின்னால் நல்லது வரும், காத்திரு’ என்று அவளிடம் சொல்வது யாருக்கு நியாயம்? இருட்டில் இருக்கிறவனுக்கு இன்றைய விளக்கின் விலையும், நாளைய விளக்கின் விலையும் ஒன்றாகாது.

1950-களில் ஜேகப்ஸ் காற்றாடி வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் 1973-ல் எண்ணெய் விலை தலைக்கேறியதும், நகரத்தை விட்டுத் தனியே வாழப் புறப்பட்ட அமெரிக்க இளைஞர்கள் சமவெளிகளில் கைவிடப்பட்டுக் கிடந்த அந்தக் காற்றாடிகளைத் தேடிப் போனார்கள். துருவைச் சுரண்டி, பழுது பார்த்து, மறுபடி நிறுத்தினார்கள். உடனே அவர்கள் முன்னாலும் அதே கேள்வி: டி.ஸி.யா, ஏ.ஸி.யா?

நம் பக்கத்து நாடான வங்க தேசத்தில் இந்தக் கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. 2003-ல் தொடங்கி, பதினைந்து வருஷங்களில் அங்கே 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சோலார் தகடும் பாட்டரியும் கடன் முறையில் கொடுத்தார்கள். 12 வோல்ட் டி.ஸி. சில விளக்குகள், கைப்பேசிக்குச் சார்ஜ், வசதி உள்ளவர்களுக்குச் சிறிய டெலிவிஷன். மண்ணெண்ணெய்ப் புகை போயிற்று. பிறகு எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சர்க்கார் கம்பி வந்தது. பல வீடுகளில் தகடு கூரை மேல் சும்மா கிடந்தது. பாக்கித் தவணையை எதற்குக் கட்ட வேண்டும் என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்கப் பண்ணைக்காரன் பட்டதை வங்காளக் குடியானவனும் பட்டான்.

ஆனால் ஒரு முக்கியமான மாறுதல் நடந்திருக்கிறது. அந்த நாளில் இஸ்திரிப் பெட்டியும் மோட்டாருமே வீட்டுச் சாமான்கள். அவை இரண்டு ரகத்திலும் கிடைத்தன. இன்று நம் வீட்டில் உள்ளவற்றை எண்ணிப் பாருங்கள். எல்.இ.டி. விளக்கு உள்ளுக்குள் டி.ஸி.யில் எரிகிறது. கைப்பேசி, டெலிவிஷன், கம்ப்யூட்டர் எல்லாவற்றின் வயிற்றிலும் டி.ஸி. புது ரக பி.எல்.டி.ஸி. மின்விசிறியும் அப்படியே, பழைய விசிறி 75 வாட் கேட்கிற இடத்தில் அது 30 வாட்டோடு திருப்தி அடைகிறது. தகடு கொடுப்பது டி.ஸி., பாட்டரி வைத்திருப்பது டி.ஸி., கருவி உண்பது டி.ஸி. நடுவிலே மட்டும் இன்வெர்ட்டரைப் போட்டு ஏ.ஸி.யாக மாற்றி, மறுபடி கருவிக்குள் டி.ஸி.யாக மாற்றுகிறோம். சிதம்பரத்திலிருந்து சீர்காழிக்குப் போகிறவன் சென்னை வழியாகப் போவதைப் போல! ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தரகு உண்டு. அதுமட்டுமா, வீட்டில் ஒரு விளக்குக்கூட எரியாதபோதும் விழித்துக்கொண்டிருப்பதற்கென்று இன்வெர்ட்டர் கொஞ்சம் தின்றுகொண்டே இருக்கும்.

இந்தத் தரகை ஒழிக்கலாம் என்று நம் சென்னையிலேயே ஒருவர் முனைந்தார். ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் 2010-களில் வீட்டுக்குள் 48 வோல்ட் டி.ஸி. கம்பி இழுக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். ராஜஸ்தான் பாலைவனத்தில் கம்பி போகாத சிற்றூர்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அது போயிற்று. ஒரு வீட்டுக்கு 125 வாட் தகடு ஒன்று, ஒரு பாட்டரி, விளக்குகள், விசிறி. ஏன் 48? அதற்கு மேல் போனால் தொட்டவனுக்கு ஆபத்து நெருங்கும். கீழே போனால் கம்பி தடிக்கும். கெட்டரிங் காலத்தில் 32-ல் நின்ற கணக்கு, கொஞ்சம் மேலேறி நின்றது.

தூரத்தில் தோற்ற டி.ஸி. தூரத்திலேயே பழி தீர்த்துக்கொண்டதும் ஒரு வேடிக்கை. சத்தீஸ்கர் மாநிலத்து ராய்கரிலிருந்து நம் கொங்கு நாட்டுப் புகளூருக்கு 1,700 கிலோமீட்டருக்கு மேல் ஒரு மின்பாதை வருகிறது. 2021-ல் முழுமை பெற்றது. 8 லட்சம் வோல்ட், டி.ஸி.! அவ்வளவு நீளத்துக்கு ஏ.ஸி.யை அனுப்பினால், போய் வருகிற அந்த ஊசலாட்டமே கம்பிக்குப் பாரமாகிவிடுகிறது. டி.ஸி.யை மேலேற்றவும் கீழிறக்கவும் சிலிக்கன் சாதனங்கள் வந்துவிட்டதால் எடிஸனுக்கு இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. ஆனால் எடிஸனின் சொந்த நகரத்தில், பேர்ல் தெரு நாளிலிருந்து ஓடிக்கொண்டிருந்த டி.ஸி. விநியோகம் 2007 நவம்பரில்தான் முற்றிலும் நின்றது. 125 வருஷம் மூச்சைப் பிடித்திருக்கிறது, பாருங்கள்.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் மலையடிவாரத்தில் தோட்டம் வாங்கியிருக்கிறார். கம்பி அங்கே இன்னும் வரவில்லை. “என்ன சார், இவ்வளவு படித்திருக்கிறீர்களே, எனக்கு டி.ஸி.யா ஏ.ஸி.யா, சொல்லுங்கள்” என்றார்.

“கிணறு வீட்டிலிருந்து எத்தனை அடி?” என்று கேட்டேன்.

“முந்நூறு அடி இருக்கும்.”

“உங்கள் வீட்டில் அம்மா கிரைண்டரையும் மிக்ஸியையும் விட்டுவிட்டு அங்கே வருவார்களா?”

அவர் சிரித்தார். “கேட்கவே பயமாக இருக்கிறது, சார்” என்றார்.

அந்தப் பதிலிலேயே பாதி வயரிங் முடிந்துவிட்டது. விளக்கு, விசிறி, கைப்பேசி இவ்வளவே போதும், பாட்டரி இருக்கும் இடத்திலிருந்து நாற்பது அடிக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்றால், டி.ஸி.தான் சிக்கனம், தகடு சிறிதாக இருந்தாலும் சமாளிக்கலாம். முந்நூறு அடிக்கு அப்பால் பம்பு வேண்டும், கடையில் கிடைக்கிற எதையும் வாங்கி மாட்ட வேண்டும், பேரன் பேத்திகள் கொண்டுவருகிற கருவியெல்லாம் வேலை செய்ய வேண்டும், என்றாவது ஒரு நாள் சர்க்கார் கம்பி வந்தால் அதோடும் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றால், இன்வெர்ட்டருக்குத் தரகு கொடுத்துவிட்டு ஏ.ஸி. போடுவதே விவேகம். இரண்டையும் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு: விளக்குக்கும் விசிறிக்கும் டி.ஸி. கம்பி தனியே, கிரைண்டர் நேரத்துக்கு மட்டும் இன்வெர்ட்டர். அப்படிச் செய்தால் இரண்டு கம்பிக்கும் வேறு வேறு மாதிரிப் பிளக் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் யாராவது மாற்றிச் சொருகிவிடுவார்கள்.

இந்தச் சரித்திரத்தைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறவனுக்கு டி.ஸி. இசைகிறது, பத்துப் பேரோடு பங்கு போட்டுக்கொள்கிறவனுக்கு ஏ.ஸி. இசைகிறது. முதலாவதில் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம்; ஆனால் எதையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். இரண்டாவதில் எண்ண வேண்டாம். ஆனால் எங்கோ ஓரிடத்தில் ஒரு கம்பி அறுந்தால் நம் வீடும் இருளும். மனிதன் இரண்டையும் ஒருங்கே விரும்புகிறான். தனியாகவும் இருக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைத்தது தனக்கும் கிடைக்க வேண்டும் என்கிறான். வயரிங் செய்ய வருகிற எலெக்ட்ரீஷியன் இதற்குத் தீர்வு சொல்ல முடியாது.

அமெரிக்காவில் பழைய பொருள் சேர்க்கிறவர்களிடம் அந்த 32 வோல்ட் பல்புகள் இன்னும் இருக்கின்றன. பார்வைக்கு மற்றப் பல்புகளைப் போலவேதான் இருக்கும்; தலையில் அச்சிட்ட எண்ணைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். தெரியாமல் இன்றைய கம்பியில் மாட்டினால் ஒரு கணம் கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து, உடனே கருகிப்போய்விடும். தன்னுடைய 16 ஜாடிகளோடு சேர்ந்திருந்தவரையில், அது ஒரு குடும்பத்துக்கே இரவைப் பகலாக்கிக்கொண்டிருந்தது.